ஆரணியில் நான்கு நாள் வேவு

அடுத்து நான் வேலைக்குப் போகும் ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வேலையில் அது பழகிப்போன எச்சரிக்கை. அந்த ஊருக்குக் குழந்தைகளை அழைத்துப்போக அனுமதி இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். தூதரக வளாகத்துக்குள்ளேயே வீடு, வாசலில் மணல் மூட்டைகள், காய்கறி வாங்கப் போனால்கூட முன்னும் பின்னும் காவல் வண்டி. இரண்டு ஆண்டுகள். சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நான் தில்லிக்கு எழுத வேண்டும். என் மகள் இனியாவுக்கு மூன்றரை வயது.

மறுக்கலாம். ஆனால் இனியா பிறந்தபோது ஒருமுறை பணியிட மாற்றத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மறுபடியும் கேட்டால் யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கோப்பு சொல்லும். இனி எனக்கு வரும் நாற்காலிகள் எல்லாம் சுவரைப் பார்த்தே இருக்கும்.

கணவர் செந்தில் சரக்குக் கப்பலில் பொறியாளர். ஆண்டில் பாதி கடலில். பாளையங்கோட்டையில் என் அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். அவரைப் பார்க்கவே அம்மாவுக்கு நேரம் போதவில்லை. மிச்சம் இருந்தது ஆரணி. செந்திலின் குடும்ப வீட்டில் இப்போது அவருடைய அக்கா மல்லிகாவும் அவர் கணவர் கோபாலும் இருக்கிறார்கள். அண்ணி பட்டு நெய்கிறவர். ஒரே மகன் வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். "எனக்குத்தான் பொண்ணு இல்லாம போச்சி" என்று போன் பேசும்போதெல்லாம் சொல்வார். அதை நான் மறப்பதில்லை.

குழந்தையை அவரிடம் விடலாமா என்று பார்க்கத்தான் போனேன். அதைச் சொல்லிக்கொண்டு போகவில்லை. இப்போது நான் வேலை பார்க்கும் மாபுத்தோவில் எங்கள் தூதர், விருந்தினர்களுக்குக் கொடுக்க ஒரு டஜன் பட்டு அங்கவஸ்திரம் வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தார். அதை வாங்க வருவதாகச் சொன்னேன். முதலில் பார்ப்போம், மனம் ஒப்பினால் கேட்போம். புது ஊருக்குப் போனால் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

செவ்வாய்க்கிழமை பஸ் நிலையத்தில் ஷேர் ஆட்டோ. மாபுத்தோவில் 'சப்பா' என்று ஒரு வேன் உண்டு. கதவு மூடாமலே ஓடும். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் அடுத்தவர் மடியில்தான் இருப்பார்கள். ஆரணி ஷேர் ஆட்டோ அதன் தம்பி. என் முழங்காலில் யாருடையதோ கீரைக்கட்டு. இனியாவின் மடியில் ஒருவர் மக்கன்பேடா இனிப்புப் பொட்டலத்தை வைத்துவிட்டார், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று. அவள் நூலைப் பிரிக்கத் தொடங்கினாள். நான் கையைப் பிடித்தேன்.

"துன்னட்டும் வுடுங்கம்மா, கொயந்ததான" என்றார் பொட்டலத்துக்காரர்.

தெரியாதவர் கொடுத்ததைக் குழந்தைக்குக் கொடுப்பதா? மூன்று நாட்டில் கற்ற பாடம் வேண்டாம் என்றது. அதற்குள் பாதி அவள் வாய்க்குள் போயிருந்தது. அன்று முழுவதும் அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

தெரு முனையில் ஆட்டோ நின்றது. தெரு நெடுகப் பாவு போட்டிருந்தார்கள். தறியில் ஏற்றப்போகும் நீள இழைகள், வெங்காயத் தோல் நிறத்தில், இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. நாலைந்து பேர் நடந்துகொண்டே அறுந்த இழைகளை முடிந்தார்கள். முன்பு நான் இருந்த லிஸ்பனில் குறுகலான தெருவில் டிராம் நின்றுவிட்டால் பின்னால் வருகிற கார்க்காரர்கள் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். இங்கே ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

"எறங்கி நடந்துடுங்கம்மா, இதச் சுத்த இன்னும் அர மணி ஆவும். எந்த வூடு?" என்றார் ஓட்டுநர்.

"மல்லிகா வீடு."

அவர் திரும்பி இனியாவை நன்றாகப் பார்த்தார். "ஓ, இதான் அந்தப் பாப்பாவா?"

எந்தப் பாப்பா? நான் வருவது அண்ணிக்குத் தெரியும். ஆட்டோக்காரருக்கு ஏன் தெரிய வேண்டும்?

அண்ணி வாசலிலேயே இனியாவைத் தூக்கிக்கொண்டார். கோபால் அண்ணன் பெட்டியை வாங்கினார். உள்ளே காலை வைத்ததும் என் கண் வழக்கம்போலத் தரைக்குப் போனது. இந்த ஊரில் குழித்தறி. தரையில் முழங்காலுக்கும் மேலான ஆழத்தில் பள்ளம் வெட்டியிருப்பார்கள். விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதித்து நெய்ய வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வந்தபோது இனியா தத்தி நடந்துகொண்டிருந்தாள். அந்தக் குழியை நினைத்தே எனக்குத் தூக்கம் போனது.

இப்போது முன்னறையில் தறி இல்லை. குழியும் இல்லை. அது இருந்த இடத்தில் நீள்சதுரமாகப் புது சிமெண்ட்.

"தறி எங்கே அண்ணி?"

"மாத்திட்டோம்மா."

"எங்கே?"

"வந்ததும் வராததுமா தறியக் கேக்கற. கை காலு கழுவு, சோறு ஆறுது."

"போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கறாப்பல கேக்குது பாரு" என்று கோபால் அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

சாப்பாட்டில் சொதி இருந்தது. எங்கள் திருநெல்வேலிச் சொதி. தேங்காய்ப்பால் கொஞ்சம் நீர்த்திருந்தது, இஞ்சி தூக்கலாக இருந்தது, ஆனால் சொதிதான். என் அம்மாவிடம் போனில் கேட்டு வைத்தாராம். மேசைக்கு எதிரே இருப்பவர் நம் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்து வைத்தால், கடைசிப் பண்டம் வருவதற்குள் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். எட்டு ஆண்டில் அது பொய்த்ததில்லை. அண்ணி கேட்பார் என்று மோர்ச்சோறு வரை காத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணி கையில் டிபன் டப்பாவோடு கிளம்பினார். "ஒரு வேலையா போய்ட்டு வரேன். வடகறி மூடி வெச்சிகிறேன், இட்லிக்குத் தொட்டுக்க." எங்கே என்று கேட்டேன். "இங்கதான்" என்றார்.

வடகறி என்பது கடலைப்பருப்பை வடையாகச் சுட்டு, உதிர்த்து, குழம்பில் போடுவது. சுட்ட வடையை எதற்காக மறுபடி உடைக்க வேண்டும் என்று முதல்முறை சாப்பிட்டபோது செந்திலிடம் கேட்டேன். இப்போது கேட்பதில்லை. மூன்று இட்லிக்குப் பதில் ஆறு சாப்பிட்டுவிட்டு, இனியாவோடு பட்டுக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வெள்ளை விரிப்பில் அங்கவஸ்திரங்களை ஒவ்வொன்றாக வீசிப் போட்டார். தொட்டுப் பார்க்கும் விதத்திலேயே நான் வாங்கத் தெரியாதவள் என்று கண்டுகொண்டிருப்பார். எந்த நாட்டுக்கு, வெயில் எப்படி, அவர்கள் இதைத் தோளில் போடுவார்களா கழுத்தில் சுற்றுவார்களா என்று அவர் கேட்ட கேள்விகள் எங்கள் வணிகப் பிரிவில்கூடக் கேட்கப்பட்டதில்லை. மல்லிகா வீட்டு ஆள் என்றதும் முகம் மலர்ந்தது.

"அப்படிச் சொல்லுங்க! நல்ல கை அது. தறியப் பிரிச்சப்பக்கூட நான் சொன்னேன், இன்னாத்துக்கும்மா இந்த வேலன்னு. கேக்கல. பாப்பா இங்கயே தங்கப் போவுதாமே?"

"யார் சொன்னது?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்தார். "இல்லங்க, சும்மா தெருவுல பேசிகினாங்க. அரக்கு கலர்ல ரெண்டு வெக்கட்டுங்களா?"

என் அடுத்த ஊர் எது, அங்கே குழந்தை போக முடியாது என்பதெல்லாம் தில்லியில் சிலருக்கும் எனக்கும் செந்திலுக்கும் மட்டுமே தெரியும். ஆரணியில் ஒரு கடைக்காரர் அதை வைத்து வண்ணம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். செந்திலுக்கு எழுதினேன்: 'உன் அக்காவிடம் என்ன சொன்னாய்?' ஒற்றை டிக்கோடு அது நின்றது. கப்பல் எந்தக் கடலில் இருந்ததோ.

அண்ணி மாலை ஐந்தரைக்கு வந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. எங்கே போயிருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இனியா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாளில் இத்தனை ஒட்டுதலா? மாபுத்தோவில் மூன்று மாதம் தினமும் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போகாதவள்.

வியாழக்கிழமை அண்ணி டிபன் டப்பாவோடு கிளம்பவில்லை. தேவிகாபுரம் கோயிலுக்குப் போகலாம் என்றார். பஸ்ஸில் ஜன்னல் இருக்கை இனியாவுக்கு, நடுவில் அண்ணி, ஓரத்தில் நான். இதைக்கூட நான் கவனித்தேன். பாதி வழியில் டயர் வெடித்து எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நடத்துநர் "அஞ்சு நிமிஷம், ஜல்தியா மாத்திட்றோம்" என்றார். நாற்பது நிமிடம் ஆனது. ஒரு புளியமரம், ஒரு கரும்புச்சாறு வண்டி, அதைச் சுற்றி முழுப் பஸ்ஸும்.

இனியா தண்ணீர் கேட்டாள். என் பையில் இருந்தவை: எங்கள் இருவருடைய பாஸ்போர்ட், கிருமிநாசினி, பழைய தடுப்பூசி அட்டை. அண்ணியின் பையில் இருந்தவை: காய்ச்சி ஆறிய தண்ணீர், ஒரு துண்டு, அவித்த வேர்க்கடலை, மாற்று கவுன். கரும்புச்சாறு கொட்டிய கவுனைக் கழற்றிப் புதியதைப் போட்டபோது அளவு தைத்தது போல இருந்தது.

"அளவு எப்படித் தெரியும் அண்ணி?"

"கண்ணாலதான்."

இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன் இரண்டு ஆண்டாக, மூன்று மாதத்துக்கு முன் செந்தில் அனுப்பிய புகைப்படத்தைத் தவிர அவர் அவளைக் கண்ணால் பார்த்ததில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் வேர்க்கடலையில் பங்கு வாங்கிக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தார். "உன் பொண்ணாம்மா?"

"தம்பி பொண்ணு. இவங்கதான் அம்மா. பெரிய ஆபீசரு, ஃபாரின்ல."

"அப்பா?"

"கப்பல்ல."

"நல்லாக்குது போ! அம்மா ஏரோப்ளேன்ல, அப்பா கப்பல்ல. இத யாரு பாத்துக்கறது?"

அண்ணி தோலை ஊதிவிட்டு, கடலையை நசுக்கி இனியாவின் வாயில் வைத்தார். பேச்சுவார்த்தை மேசையில் நான் மிகவும் பயப்படுவது இந்த மௌனத்துக்குத்தான். முடிவு எடுத்துவிட்டவர்கள்தான் அப்படி இருப்பார்கள். திரும்பும்போது இனியா அவர் மடியில் தூங்கினாள். தூக்கி என் மடிக்கு மாற்றலாமா என்று ஊர் வரும்வரை யோசித்தேன். எழுந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன். உண்மையில் எழுந்தால் என்னிடம் வருவாளா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் டிபன் டப்பாவோடு கிளம்பியதும், இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வேவு பார்ப்பது என் வேலை இல்லை. அதைச் செய்கிறவர்கள் வேறு. செய்யத் தெரியாதவள் செய்தால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது. இரண்டு திருப்பத்தில் மூன்று பேர் "சாப்டீங்களா?" என்று கேட்டார்கள். இனியா "அத்தை! அத்தை!" என்று கத்தாமல் இருக்க அவள் வாயில் முறுக்கு திணித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போவார், சேர்க்கைத் தாளில் இனியாவின் பெயரை எழுதுவார், கையோடு பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பிடித்தால் இன்றே தில்லிக்கு 'முடியாது' என்று எழுதலாம்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். உள்ளே ஒரு குழித்தறி. அண்ணி புடவையைச் செருகிக்கொண்டு, காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து, நெய்ய ஆரம்பித்தார்.

"யாரு அது ஜன்னல்ல? மல்லிகா, உன்னத் தேடிகினு வந்துகிறாங்க பாரு" என்றார் அந்த வீட்டுக்காரர். ருக்கு என்று பெயர். கதவைத் திறந்தவர், நான் வாய் திறக்கும் முன்னே ஆரம்பித்துவிட்டார். "நீதானா அந்த ஆபீசரு? நீயே கேளும்மா. சொந்தத் தறியப் பிரிச்சிட்டு என் வூட்டுல கூலிக்கு ஒக்காந்துகினு கிறா. விருந்துக்கு வர்ற கொயந்தைக்கு எல்லாரும் குழி மேல பலகதான் போடுவாங்க. இவ மண்ணு போட்டு, சிமெண்டு போட்டுட்டா. ஒரே பேஜாரு புடிச்ச பொம்பள."

"நீ சும்மா இரு ருக்கு" என்றார் அண்ணி. கை நிற்கவில்லை.

தெருவுக்கு எப்படித் தெரிந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. நெசவாளர் வீட்டில் குழியை நிரந்தரமாக மூடினால், ஒரு குழந்தை வாழ வரப்போகிறது என்று மொத்தத் தெருவும் படித்துவிடும்.

"செந்தில் சொன்னாரா?"

"புது ஊருக்குக் கொயந்தயக் கூட்டிகினு போக வுட மாட்டாங்களாம்னு மட்டும் சொன்னான். இங்க வுடறதப் பத்தி ஒண்ணும் சொல்லல. வேற எங்க வுடுவ நீ?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ யோசிப்ப. யோசிச்சா வேணாம்னுடுவ."

"பலகை போட்டிருக்கலாம்."

அண்ணி இப்போது நிறுத்தினார். "போன தபா பலகதான போட்டேன். நீ தூங்கனியா? மூணு நாளும் அந்தப் பலக மேலயே ஒக்காந்துகினு இருந்த. அதத்தான் சொல்றேன். பலகய நீ நம்ப மாட்ட."

எங்கள் பணியில் ஒரு விதி உண்டு. வெளிநாட்டில் யார் எது கொடுத்தாலும் எழுதிக் காட்ட வேண்டும். மதிப்பு அதிகமானால் அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கொடுத்தவருக்குக் கடமைப்படாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. அண்ணி மூடிய இந்தக் குழியை எங்கே ஒப்படைப்பது? அதோடு வேறொன்றும் உறைத்தது. நான்கு நாளாக அவர் குழந்தையைப் பறிக்கப் பார்க்கிறார் என்று சாட்சி தேடினேன். அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பியிருக்கிறேன். பறித்தார்கள் என்றால், மறுத்தாலும் போனாலும் பழி என்னுடையது இல்லை.

"நான் வேண்டாம் என்று சொன்னால்?"

"கூட்டிகினு போ. உன் கொயந்த. நான் ரெண்டு நாள் அழுவேன், அப்புறம் ருக்கு தறி கிது."

"கிது, கிது" என்றார் ருக்கு.

எப்போதும் கேட்காத கேள்வியை அப்போது கேட்டேன். "இரண்டு ஆண்டில் இவள் உங்களை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தால்?"

அண்ணி இனியாவைப் பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்து அறுந்த இழைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். "திருத்துவேன். பத்து தபா கூப்டா பத்து தபாவும் அத்தன்னு சொல்லித் தருவேன். பதினோராவது தபா சும்மா இருந்துட்டாலும் இருந்துடுவேன் சுபா. அதயும் இப்பவே சொல்லிட்றேன்."

எட்டு ஆண்டுகளாக எத்தனையோ பேர் எதிரே உட்கார்ந்து உறுதி சொல்லியிருக்கிறார்கள். தன் உறுதி எந்த இடத்தில் உடையும் என்று முன்கூட்டியே சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. நான்கு நாளில் முதல்முறையாக, கேட்ட ஒரு சொல்லை அப்படியே நம்பினேன்.

மாலையில் வீட்டில் உட்கார்ந்து பட்டுக் கடை அட்டையின் பின்பக்கம் நிபந்தனைகள் எழுதினேன். தினம் ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு. காய்ச்சல் என்றால் மறைக்கக் கூடாது. மக்கன்பேடா வாரம் ஒன்று. பள்ளிக்கூடம் எது என்பதை நான்தான் முடிவு செய்வேன். இப்படி எட்டு. கோபால் அண்ணன் உரக்கப் படித்தார். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மக்கன்பேடாவுக்கு மட்டும் பேரம் பேசி இரண்டாக்கினார்.

"நீங்களும் ஏதாவது சொல்லுங்கள் அண்ணி. ஒருதலையாக இருக்கக் கூடாது."

"ஒண்ணுதான். போன்ல வரப்ப நீ அழுவக் கூடாது. நீ அழுதா அது அன்னிக்குச் சோறு துன்னாது."

எனக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளிலேயே கடினமானது அதுதான். விலக்கு கேட்டேன். மாதம் ஒருமுறை என்றேன். முடியாது என்றார். பிறந்த நாளுக்கு என்றேன். அன்றைக்குத்தான் கூடவே கூடாது என்றார். கடைசியில் கோபால் அண்ணன் நடுவில் வந்து பொங்கலுக்கு மட்டும் ஒரு நாள் அழ அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது, சம்மதம் என்று எழுதி அனுப்பினேன். போனைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். இனியா ஓடிவந்து என் முகத்தை நிமிர்த்திப் பார்க்க முயன்றாள்.

"இன்னிக்குப் பொங்கல் இல்ல" என்றார் அண்ணி.